ஊரே அமத்திய விளம்பரம்

பனிச்சறுக்குச் சப்பாத்து வாங்கக் கல்முனையில் இத்தனை பேருக்கு என்ன அவசரம் என்று றிம்சானுக்கு விளங்கவேயில்லை.

வெளியே தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற வெயில். மதிலோர நிழலில் நின்ற ஆடு நடக்க மனமில்லாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. இந்த ஊரில் பனி என்றால் மார்கழியில் சளி பிடிக்க வைக்கிற பனி ஒன்றுதான். அதில் சறுக்கியவர் ஒருவரும் இல்லை. ஆனால் அவனுடைய போனில் வந்து கிடந்த மின்னஞ்சல் வேறு கதை சொன்னது. உங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் எங்கள் சப்பாத்து விளம்பரத்தை விரலால் தட்டி ஓயாமல் அமத்துகிறார்கள், அமத்திய கையோடு திரும்பி ஓடிவிடுகிறார்கள், ஒருவர்கூட ஒரு சோடி வாங்கவில்லை, இதெல்லாம் செல்லாத வருகை, இந்த மாதம் உங்களுக்குச் சேர வேண்டியதில் பெரும்பங்கை வெட்டிவிட்டோம், இப்படியே போனால் கணக்கையே மூடிவிடுவோம்.

றிம்சான் நடத்தியது ‘கரைவாசல்’ என்ற இணையத்தளம். இறக்காமத்துப் பக்கம் யானை இறங்கினால் அதில் வரும். சாகாமக் குளத்தில் தண்ணீர் திறந்தால் வரும். கரண்ட் போகிற நேரமும் மீன் விலையும் வரும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஜனாஸா அறிவித்தல், அதாவது மரண அறிவித்தல் வரும். மௌத்தானது யார், எந்த வீடு, அடக்கம் எத்தனை மணிக்கு, எந்த மையவாடியில். ஊரில் பல் துலக்க மறந்தவர்கள் இருக்கலாம், விடிய எழும்பிக் கரைவாசலைத் திறக்க மறந்தவர்கள் இல்லை. பார்க்கிறவரிடம் றிம்சான் சல்லி கேட்பதில்லை. வெளிநாட்டுக் கம்பனியொன்று அந்தப் பக்கங்களில் விளம்பரம் போடும். அதை யாராவது விருப்பப்பட்டு அமத்தினால் றிம்சானுக்கு ஒரு பங்கு விழும். விருப்பமில்லாமல் சும்மா அமத்தினால் விழாது. சும்மா அமத்துகிறவர்கள் கூடிப்போனால் விழுந்ததையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

“என்னயாம்?” என்று கேட்டாள் றிஸ்லா. மாதம் நிறைந்துகொண்டிருந்த வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவள், வாப்பாவின் காதில் விழுந்துவிடுமோ என்று முதலில் வாசற்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

காரணம் இருந்தது. இந்தக் கரையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் வந்த மாப்பிள்ளை விடிந்தால் ஒரு கடைக்கோ கந்தோருக்கோ புறப்பட்டுப் போகவேண்டும். மாமனாரின் கண்ணுக்கு முன்னால் சாரத்தோடு உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டு, வேலையில் இருக்கிறேன் என்று சொல்லக்கூடாது. றிஸ்லாவின் வாப்பா கலந்தர், சீமெந்தும் கம்பியும் விற்கிறவர். சாமான் இல்லாத, கதவு இல்லாத, வாங்குகிறவர் முகம் தெரியாத ஒரு கடையை அவரால் கடை என்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் மருமகனுக்கு வேலை பார்த்து விசாவும் எடுத்துவிட்டார். பெண்ணும் மருமகனும் கெஞ்சியதில் ஒரு சலுகை கொடுத்தார். இந்த மாதம் அந்தத் தளத்தின் வரும்படி ஒழுங்காக வங்கிக்கு வந்து சேர்ந்தால் கட்டார் வேண்டாம். வராவிட்டால் றிம்சான் விமானம் ஏறவேண்டும்.

ஏறினால் பிள்ளை பிறக்கும்போது அவன் இருக்கமாட்டான். பிறந்த பிள்ளையின் காதில் முதல் முதல் விழ வேண்டியது தொழுகைக்கு அழைக்கிற பாங்கு. அதைப் பெற்ற வாப்பா வாயால் சொல்லவேண்டும் என்பது றிம்சானின் ஆசை. ஆசை என்றால் சின்ன ஆசையில்லை. பின்வளவுத் தென்னையடியில் நின்று மெல்லிய குரலில் சொல்லிச் சொல்லிப் பழகினான். ஒருநாள் குரல் கொஞ்சம் ஏறிவிட, அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று கலந்தர் மாமா அவசரமாகக் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டு பள்ளிவாசலுக்குப் போய், பூட்டியிருந்த கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஆர்தான் இந்த அமத்து அமத்துற?” என்றாள் றிஸ்லா.

வீட்டு ஆட்கள் இல்லை என்பது நிச்சயம். தன் தளத்து விளம்பரத்தைத் தானோ தன் வீட்டாரோ தொடக்கூடாது என்பது கம்பனிச் சட்டம். றிம்சான் பயந்த பிள்ளை. கைதவறியும் விரல் பட்டுவிடக்கூடாதென்று, முதல் நாளே தன் போனிலும் றிஸ்லாவின் போனிலும் மாமியின் போனிலும் விளம்பரமே தெரியாதபடி தடுத்துவைத்திருந்தான். அப்படியென்றால் அமத்துவது வெளி ஆட்கள்.

குசினிக்குள் மீன் கழுவிக்கொண்டிருந்த சுஹறா மாமி அப்போதுதான் வாயைத் திறந்தார். மருமகனுக்கு முன்னால் அவர் அதிகம் கதைப்பதில்லை. கதைத்தால் தேங்காய் விழுந்த மாதிரித்தான் இருக்கும்.

“நான்தான் மகன் எல்லாருக்கிட்டயும் சொன்னன். எங்கட மருமகன்ட தளத்தில விளம்பரத்தை அமத்தினா அவருக்குச் சல்லி விழுமாம், எல்லாரும் அமத்துங்க எண்டு.”

“எப்ப மாமி சொன்னீங்க?”

“கலியாண வீட்டில சொன்னன். கத்தம் ஓதின வீட்டில சொன்னன். போன கிழமை டாக்குத்தர்ட வரிசையில நிண்ட ஆக்களுக்கும் சொன்னன்.”

றிம்சானுக்கு எல்லாம் வெளித்துவிட்டது. இந்த ஊர் ஆட்கள் அப்படித்தான். சொந்தக்காரன் ஒரு கடை திறந்தால் வெறுங்கையோடு திரும்பி வரமாட்டார்கள். கலந்தர் மாமா கம்பிக்கடை திறந்த நாளில், அடிப்பதற்குச் சுவரில்லாதவர்கள்கூட ஆணி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த ஆணிகள் இன்றைக்கும் பல வீடுகளில் பொதி பிரிக்காமல் கிடக்கின்றன. ஆணி வாங்கியவர்கள் விளம்பரத்தை அமத்தமாட்டார்களா? றிம்சானின் கண் கலங்கிவிட்டது. சல்லி போனது ஒருபக்கம் இருக்கட்டும், ஊரே தன்மேல் இவ்வளவு அன்பு வைத்திருக்கிறது என்பது அவனுக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போய்விட்டது.

வீடு வீடாகப் போய் நன்றி சொல்லி, இனிமேல் அமத்தவேண்டாம் என்று பணிவாகக் கேட்பதென்று முடிவு செய்தான்.

முதலில் அஸ்பாக்கின் வீடு. றிஸ்லாவுக்குப் பெரியும்மா மகன், றிம்சானுக்கு மச்சான் முறை. நீங்கள் எனக்காகப் படுகிற பாடு எனக்கு இப்போதுதான் தெரியவந்தது என்று றிம்சான் தொடங்க, அஸ்பாக் ஒரு கணம் முழித்தான். ஏதோ கடன் கேட்க வந்திருக்கிறானோ என்று நினைத்திருப்பான்போல. விளம்பரம் அமத்துகிற விஷயம் என்று தெரிந்ததும் முதுகு நிமிர்ந்தது.

“நாங்க செய்யாம வேற ஆர் மச்சான் உங்களுக்குச் செய்யிற?”

உள்ளே இருந்து வட்டிலப்பம் வந்தது. அடுத்தது அண்ணன் முறையான றாஸிக் காக்கா. சுபஹு தொழுதுவிட்டு வந்து தான் செய்கிற முதல் வேலையே அதுதான் என்று அவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அங்கேயும் வட்டிலப்பம். செய்யாத உபகாரத்துக்கு ஒருவர் தேடிவந்து நன்றி சொன்னால், இல்லை, நான் செய்யவில்லை என்று மறுக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறதோ தெரியாது, இங்கே இல்லை. போன வீடெல்லாம் கதிரையைத் துடைத்துப் போட்டார்கள். அமத்தியதை ஒத்துக்கொண்டார்கள். இனி அமத்தமாட்டோம் என்று வாக்கும் கொடுத்தார்கள். இவ்வளவு செய்த உரிமையில், தன் மகனின் தையல் கடையைத் தளத்தில் இலவசமாகப் போடமுடியுமா என்று ஒருவர் கேட்டும் வைத்தார்.

வயிறு நிறைய, மனமும் நிறைய வீட்டுக்கு வந்தான். மறுநாள் பார்த்தால் அமத்தல் முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்கு.

“நீங்க போய்ச் சொன்னதாலதான்,” என்றாள் றிஸ்லா. “மறந்திருந்த ஆக்களுக்கும் ஞாபகம் வந்திட்டு. எல்லாரும் ஒருக்காத் திறந்து பார்த்திருப்பாங்க.”

அது சரியாகத்தான் பட்டது. ஆக வாயால் சொல்வதில் பயனில்லை, தளத்திலேயே எழுதிவிடவேண்டும். றிம்சான் ஒரு பகல் முழுக்கக் குந்தியிருந்து சிவப்புக் கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் ஓர் அறிவித்தல் செய்தான். ‘அன்புள்ள உறவுகளே, உங்கள் அன்பு போதும். தயவுசெய்து விளம்பரங்களை அமத்தாதீர்கள்.’ தளத்தைத் திறந்தவுடன் முகத்தில் அறைகிற மாதிரி எல்லாவற்றுக்கும் மேலே கட்டிவைத்தான். தன் போனில் திறந்து பார்த்தான். மேலே சிவப்புக் கட்டம், அதன் கீழே ஒழுங்காகச் செய்தி. வெள்ளைத் துணி விரித்த சாப்பாட்டு மேசைபோல அழகாக இருந்தது.

அமத்தல் இன்னும் ஏறியது.

கலந்தர் மாமாவின் காதுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. அவர் சத்தம் போடவில்லை. பிளேன்டீயை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“மருமகன், சுவரில இஞ்ச துப்பாதீங்க எண்டு எழுதிப் பாருங்க. எழுதின இடம் மட்டும்தான் சிவந்து கிடக்கும்.”

அதுவும் சரியாகத்தான் பட்டது. பாவம், றிம்சானுக்கு யார் எதைச் சொன்னாலும் சரியாகத்தான் படும்.

இதற்கிடையில் விளம்பரம் அனுப்புகிற இயந்திரம் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அதற்கு வெயிலும் தெரியாது, கல்முனையும் தெரியாது. எங்கே அமத்துகிறார்களோ அங்கே ஆசை இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். கிழக்குக் கரையில் பனிச்சறுக்கு மோகம் தலைவிரித்தாடுகிறது என்று முடிவுகட்டி, சப்பாத்தோடு பனிக் கையுறை, பனித் தொப்பி, காதுக்கு மூடி, கடைசியில் பனி வாரிக் கொட்டுகிற சவள் வரைக்கும் அனுப்பத் தொடங்கியது. நற்பிட்டிமுனைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, அந்தச் சப்பாத்துச் சேற்று வயலுக்குத் தாங்குமா, அட்டை ஏறாதா என்று விசாரித்துவிட்டுப் போனார். உண்மையாக வாங்க நினைத்தவர் அவர் ஒருவர்தான். அவரும் விலையைக் கேட்டதும் அட்டையே பரவாயில்லை என்றுவிட்டார்.

அடுத்து என்ன செய்வது என்று யோசித்து றிம்சான் பள்ளிச் செயலாளர் ஸாஜித்திடம் போனான். ஊரில் ஒரு விஷயத்தைக் கடைசி வீடு வரைக்கும் கொண்டுபோக ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கியில் சொல்வதைவிட வேறு வழியில்லை. ஸாஜித் முதலில் தயங்கினார். காணாமற்போன மாட்டுக்கும் நீர்க்கட்டணத்துக்கும் அறிவித்தல் செய்திருக்கிறார், விளம்பரத்துக்குச் செய்ததில்லை. வீட்டில் பிரசவம் நெருங்குகிறது என்று றிம்சான் சொன்ன பிறகு மனமிரங்கினார். கரைவாசல் இணையத்தளத்தில் வருகிற விளம்பரங்களை ஒருவரும் அமத்தக்கூடாது என்று அந்த வெள்ளிக்கிழமை அறிவித்தார்.

பின்வரிசையில் இருந்து ஒருவர் எழும்பி, தெரியாமல் கைபட்டால் குற்றமாகுமா என்று கேட்டார். தெரியாமல் பட்டால் குற்றமில்லை, தெரிந்து அமத்தவேண்டாம் என்று ஸாஜித் விளக்கினார். இன்னொருவர், ஏற்கெனவே பல தடவை அமத்திவிட்டேன், அதற்கு என்ன பரிகாரம் என்றார். ஸாஜித் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்.

செய்தி நடந்து போகவில்லை, பறந்து போனது. சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேர்ந்தபோது ‘பள்ளியில் தடைசெய்த இணையத்தளம்’ என்று ஆகியிருந்தது. மருதமுனைக்குப் போனபோது, அதில் பார்க்கக்கூடாத படங்கள் வருகின்றன என்று வளர்ந்திருந்தது. இதுவரைக்கும் கரைவாசலைக் கேள்விப்படாதவர்கள்கூட அறைக்கதவைச் சாத்திக்கொண்டு திறந்து பார்த்தார்கள். சப்பாத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற ஏமாற்றத்தோடு மூடினார்கள். அன்று பின்னேரம் அமத்தல் கணக்கைப் பார்த்த றிம்சான், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தென்னையடியில் போய் நின்றான். பாங்கு பழகவில்லை. சும்மா நின்றான்.

கம்பனியிடமிருந்து கடைசி மின்னஞ்சல் வந்தது. கணக்கை நிறுத்திவைத்திருக்கிறோம், இந்த மாத வரும்படி முழுவதும் எங்களிடமே இருக்கிறது, இத்தனை செல்லாத அமத்தலுக்கு உண்மையான காரணம் என்ன, அதை எப்படித் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள், பதில் சரியாக இருந்தால் கணக்கையும் பணத்தையும் விடுவிப்போம் என்று.

புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து குந்தியிருந்து பதில் எழுதினார்கள். றிஸ்லா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள். எங்கள் ஊரில் ஒருவர் தொழில் தொடங்கினால் உறவினர் கைகொடுப்பது வழக்கம் என்று எழுதினாள். ஆணி வாங்கிய கதையையும் எழுதினாள். எங்கள் மக்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, அளவுக்கு மிஞ்சி அன்பு வைக்கிறவர்கள், அமத்தவேண்டாமென்று கேட்கக் கேட்க அந்த அன்பு கூடிக்கொண்டே போகிறது, அன்பைத் திருத்துகிற வழி எங்களுக்குத் தெரியவில்லை என்று முடித்தாள். வாசித்துக் காட்டும்போது றிம்சானுக்கு அழுகை வந்தது. ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த சுஹறா மாமிக்கு ஒரு சொல்லும் விளங்காமலே அழுகை வந்தது.

கம்பனிக்காரனுக்கு வரவில்லை. நீங்கள் கூறிய காரணம் நாங்கள் ஏற்கிற காரணங்களில் இல்லை, நாளை மாலைக்குள் சரியான காரணத்தைத் தெரிவிக்காவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும் என்று பதில் வந்தது.

“அன்பு அவங்கட கணக்கில இல்லையாம்,” என்றான் றிம்சான்.

கலந்தர் மாமா பயணப்பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். வெற்றிபெற்றவர் முகம்போல இல்லை அது. பெட்டியின் பூட்டைத் தேவைக்கு மேல் திறந்து திறந்து மூடிப் பார்த்தார், சில்லு நல்ல சில்லு என்று இரண்டு தரம் சொன்னார், பிறகு கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் பின்னேரம் சொந்தக்காரர் எல்லாரும் பயணம் சொல்ல வந்து கூடினார்கள். இரவு பஸ்ஸுக்குக் கொழும்பு போகவேண்டும். மாசிச்சம்பல் ஒருவர் கொண்டுவந்தார், தொதல் ஒருவர் கொண்டுவந்தார், றாஸிக் காக்கா ஒரு பொதி கருவாடு கொண்டுவந்து பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவில் வைத்தார். அறைக்குள் றிஸ்லா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். றிம்சான் உள்ளே போனதும் தன் போனை எடுத்து நீட்டினாள்.

“பாங்கைச் சொல்லிப் பதிஞ்சு தந்திட்டுப் போங்க. பிள்ளைட காதில வைக்கிறன்.”

றிம்சான் வாங்கினான். காதில் கைவைத்தான். பாங்கின் முதல் வரியான தக்பீரிலேயே குரல் உடைந்துவிட்டது. திரும்பவும் தொடங்கினான், திரும்பவும் உடைந்தது. போனை அவள் மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

முன்மண்டபம் நிறைய ஆட்கள். அஸ்பாக் இருந்தான், றாஸிக் காக்கா இருந்தார், ஸாஜித்தும் வந்திருந்தார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தபோது றிம்சானுக்கு மனம் பொங்கியது.

“உங்களில ஒருத்தரிலயும் எனக்குக் கோபம் இல்ல,” என்றான். “எனக்கு நல்லது செய்யத்தான் எல்லாரும் அமத்தினீங்க. அந்தக் கம்பனிக்காரனுக்கு அது விளங்கல்ல. இண்டைக்குப் பொழுதுபட முந்தி வேற காரணம் சொல்லட்டுமாம். வேற என்ன காரணத்தை நான் சொல்ல? உங்கட அன்புதான் என்னை ஊரை விட்டு அனுப்புது. போற இடத்திலயும் நான் அதை மறக்கமாட்டன்.”

அஸ்பாக் தலையைக் குனிந்துகொண்டான். றாஸிக் காக்கா தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்தார். சுஹறா மாமி கதவுக்குப் பின்னால் விம்மினார். ஒருவரும் மறுக்கவில்லை.

ஊரில் எந்த மௌத்து வீடானாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்கிற முஸ்பிறா சாச்சிதான் பாயை விட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். கையில் போனைத் திறந்தபடி வைத்திருந்தார். அதை றிம்சானின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“போறதுதான் போறீங்க மகன், போக முந்தி இந்தச் சப்பாத்துப் பெட்டியை எப்பிடி மூடுற எண்டு ஒருக்காக் காட்டித் தந்திட்டுப் போங்க, மௌத்தானது ஆரெண்டு பார்க்க விடாம மறைச்சுக்கொண்டு நிக்கிது, ஊரில நாங்க அவ்வளவு பேரும் இம்மட்டு நாளும் அதை மூடத்தானே அமத்திக்கிட்டு இரிக்கம்.”